ஒட்டும் வித்தை

நமக்குச் சொந்தமாக ஒரு மோட்டார் வண்டி உண்டு என்று சொன்னால் நேயர்கள் நம்மைப் பற்றித் தவறாக எண்ணிக்கொள்ளக் கூடும். பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கு மோட்டார் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று வேறு சிலர் கேட்பார்கள். ஆகையால் முதலிலேயே விஷயத்தை விளக்கிவிடுகிறோம். அது 2014-ஆம் வருஷத்து வண்டி. நம்மிடம் வந்து சேருவதற்கு முன்னால் இரண்டு எஜமானர்களிடம் ஊழியம் செய்து களைத்துப் போனது. அந்த ரகத்து வண்டிகளுக்குள்ளே மிகவும் மலிவானது. எவ்வளவு மலிவு என்றால், அதன் பம்பருக்கு வர்ணம் பூசுவதுகூட வீண் செலவு என்று கருதி, கறுப்புப் பிளாஸ்டிக்கை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தக் கறுப்புப் பம்பரைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

நாம் வசிப்பது காக்களூரில். திருவள்ளூரை ஒட்டினாற்போல் இருக்கும் இவ்வூருக்கு ஏரியும் உண்டு. சிட்கோ தொழிற்பேட்டையும் உண்டு. விடியற்காலையில் ஏரிப் பக்கத்திலிருந்து நீர்க்கோழியின் குரல் கேட்கும். அது ஓய்வதற்குள் தொழிற்பேட்டையின் யந்திரங்கள் பாட ஆரம்பித்துவிடும். நம் வீடு இருக்கும் சந்தோ, வண்டியைத் திருப்புவதற்கு இடங்கொடாத சந்து. உள்ளே முகத்தோடு போனால் வெளியே முதுகோடுதான் வரவேண்டும். தினந்தோறும் காலையில் ஏறக்குறைய நாற்பது கஜ தூரம் வண்டியைப் பின்னோக்கியே ஓட்டி வருவது நமது நித்திய கர்மாக்களில் ஒன்றாகிவிட்டது.

“கழுத்து வலிக்கிறது, கழுத்து வலிக்கிறது என்று தினமும் தைலம் தேய்த்துக்கொள்கிறீர்களே! பின்பக்கத்தைக் காட்டுகிற காமிரா ஒன்று வாங்கி மாட்டிவிடுங்களேன்” என்றாள் நம் இல்லத்தரசி.

மாட்டினோம். நெல்லிக்காய் அளவுள்ள ஒரு காமிரா. அதை ஏந்திக்கொள்ள மூன்று அங்குல நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் தாங்கி. தாங்கியின் அடிப்புறத்தில் பசை. அந்தப் பசையின் பலத்தில்தான் அது நம்பர் பலகைக்கு மேலே பம்பரில் ஒட்டிக்கொண்டிருந்தது. காமிராவிலிருந்து ஒரு கம்பி உள்ளே ஓடி, ஓட்டுகிறவருக்கு எதிரே உள்ள உள்ளங்கை அளவு திரையில் பின்னுலகத்தைக் காட்டும். இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் ப்யூக் கம்பெனியார் 1956-லேயே ‘செஞ்சூரியன்’ என்னும் கண்காட்சி வண்டியின் பின்புறத்தில் ஒரு டெலிவிஷன் காமிராவைப் பொருத்திக் காட்டியிருக்கிறார்கள். அந்த யோசனை காக்களூர்ச் சந்துக்கு வந்து சேர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று, அவ்வளவுதான்.

அந்தக் காலத்து வண்டிகளில் இந்த ஒட்டு வேலைக்கே அவசியமில்லை. இந்துஸ்தான் மோட்டார் கம்பெனியார் 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரையில் உத்தரபாராவில் தயாரித்த அம்பாஸடர் வண்டியை நேயர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நெடுங்காலம் அதன் பம்பர் முழு இரும்பாகவே இருந்தது. அதில் எதையும் துளைத்து முடுக்கலாம். அதே கம்பெனியார் 1998-இல் நம் திருவள்ளூருக்கு அருகே அதிகத்தூரில் மிட்சுபிஷி லான்ஸர் வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். அதற்குள் பம்பர் என்றால் பிளாஸ்டிக் என்று காலம் மாறிப்போயிருந்தது. பிளாஸ்டிக் லேசானது, துருப்பிடிக்காது, சிறிது இடிபட்டால் வளைந்து கொடுத்துப் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். பாலிபுரொப்பிலீன் என்னும் இந்தப் பிளாஸ்டிக்கை ஒழுங்கான அமைப்புடன் 1954-இல் உண்டாக்கிய இத்தாலிய ரஸாயன சாஸ்திரி நாட்டா, ஜெர்மனியின் ஸீக்லருடன் 1963-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இத்தனை மகிமை பொருந்திய வஸ்துவுக்கு ஒரே ஒரு துர்க்குணம் உண்டு. அதை நாம் பின்னால்தான் தெரிந்துகொண்டோம்.

*

அக்கினி நட்சத்திரத்தின்போது ஒரு நாள் மத்தியானம் தாங்கி கழன்று விழுந்தது. காமிரா மட்டும், கிணற்றில் விட்ட வாளிபோல், கம்பியின் நுனியில் ஆடிக்கொண்டிருந்தது.

நாம் சென்னைச் சர்வகலாசாலையின் பௌதிக சாஸ்திரப் பட்டதாரி. இருபது ஆண்டுகளாக அந்தச் சாஸ்திரத்தைப் பிள்ளைகளுக்குப் போதித்து வருகிறவர். ஒரு தாங்கியை ஒட்டுவதற்கு இன்னொருவரிடம் போய் நிற்பதா? நொடியில் ஒட்டும் பசைக் குப்பி ஒன்று வாங்கி வந்தோம். அந்தப் பசைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1942-இல், யுத்த காலத்தில், துப்பாக்கிக்குக் குறிபார்க்கும் கருவி செய்வதற்காகத் தெளிந்த பிளாஸ்டிக்கைத் தேடிய அமெரிக்கர் ஹாரி கூவர் என்பவர் அதைக் கண்டார். தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொண்டு தொந்தரவு செய்கிறது என்று அதை அப்போது ஒதுக்கிவிட்டார்கள். அந்தத் தொந்தரவுதான் அதன் பெருமை என்று 1951-இல் விளங்கிற்று. 1958-இல் கடைக்கு வந்தது.

அப்பேர்ப்பட்ட பசைக்கும் நம் பம்பர் மசியவில்லை. தாங்கியைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பூத்ததுதான் மிச்சம். நம் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரம் இணைபிரியா நண்பர்களாகி, வெந்நீரில் அரைமணி நேரம் ஊறிய பிறகே பிரிய இசைந்தன.

இரண்டாவது பிரயத்தனத்தில், இருபுறமும் ஒட்டக்கூடிய டேப்பு வாங்கினோம். இந்த முறை முறைப்படி செய்யவேண்டும் என்று தீர்மானித்து, வண்டியைக் கழுவும் இடத்துக்குக் கொண்டுபோய் நன்றாகக் கழுவச் செய்தோம். அங்கிருந்த பையன் பம்பர் பளபளக்கும்படி ஏதோ ஒரு தைலத்தையும் பூசி அனுப்பினான். அந்தப் பளபளப்பின் மேலேயே டேப்பை வைத்து அழுத்தினோம். வாசலில் பலாப்பழம் அரிந்துகொண்டிருந்த நம் இல்லத்தரசி இதைக் கவனித்துவிட்டு, “பழம் அரிகிறபோது நான் எதற்குக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறேன், தெரியுமா?” என்று கேட்டாள்.

“பால் ஒட்டாமலிருப்பதற்கு” என்றோம்.

“பம்பரில் தடவியிருப்பது என்ன?”

இது விஞ்ஞானம், பலாப்பழமல்ல என்று விடை பகர்ந்து, அன்று மாலையே குடும்ப சகிதமாகப் பூண்டிக்குக் கிளம்பினோம். தீரர் சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி, சென்னை மக்களின் தாகத்தை 1944 முதல் தீர்த்துவரும் அந்த நீர்த்தேக்கத்தைக் குழந்தைகளுக்குக் காட்டவேண்டும் என்பது நம் நெடுநாளைய விருப்பம். நீர்த்தேக்கத்தைக் கண்டோம். தாங்கியைத்தான் காணவில்லை. திரும்பி வரும் வழியில் ஓரிடத்தில் அது சாலையோரம் கிடந்தது. நம் மூத்த பெண்தான் பொறுக்கிக்கொண்டு வந்தாள். இல்லத்தரசி ஒன்றும் சொல்லவில்லை. பலாச்சுளை இருந்த டப்பாவை நம் பக்கம் நீட்டினாள்.

அதோடு நமக்கு அலுத்துப் போயிற்று. காமிராவைச் சணல் கயிற்றால் கட்டிவிட்டோம். அது சாய்ந்துகொண்டு வானத்தைக் காட்டிற்று. காட்டினால் காட்டட்டும், காமிரா இல்லாத காலத்தில் உலகத்தார் வண்டி ஓட்டவில்லையா என்று சமாதானம் செய்துகொண்டோம்.

*

ஆடி அமாவாசையன்று காலை. வீரராகவப் பெருமாள் கோயில் திருக்குளத்துக்கு விடியற்காலையிலிருந்தே ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் அகப்பட்டுக்கொண்டால் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகுமே என்று நாம் அவசரம் அவசரமாக வண்டியில் ஏறினோம். திரையில் ஒரு துண்டு வானமும் பாதித் தென்னை மரமும் தெரிந்தன. பக்கத்துக் கண்ணாடிகள் இரண்டையும் பார்த்தோம். சந்து வெறிச்சென்று இருந்தது. வண்டி மெள்ளப் பின்னால் நகர்ந்தது.

“வாத்தியாரய்யா! நிறுத்துங்க! குழந்தை! குழந்தை!”

எதிர்வீட்டுப் பாட்டியின் குரல். அந்தக் குரலை நாம் உயிருள்ளவரை மறக்கப் போவதில்லை. நம் கால் எப்போது பிரேக்கை மிதித்தது என்று நமக்குத் தெரியாது. இறங்கிப் பின்னால் ஓடினோம்.

பாட்டியின் பேத்தி, இரண்டரை வயதுக் குழந்தை, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்திருந்தாள். குளத்தில் போடுவதற்காகப் பாட்டி வாங்கி வைத்திருந்த வெல்லத்தில் ஒரு துணுக்கைத் தரையில் வைத்து, எறும்புகள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முதுகுக்கும் நமது கறுப்புப் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. அதற்கு மேல் இல்லை.

குழந்தை தலையைத் திருப்பி நம்மை நிமிர்ந்து பார்த்து, “மாமா, எறும்பு சாப்பிடுது” என்று சொன்னாள்.

பாட்டி ஓடி வந்து அவளை வாரி எடுத்துக்கொண்டாள். நம்மை ஒரு வார்த்தை வைதிருந்தால் மனம் ஆறியிருக்கும். ஒன்றுமே சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாம் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, பஸ்ஸில் ஏறிப் பள்ளிக்கூடம் போனோம். அன்று என்ன பாடம் நடத்தினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இரவு உறக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து, பின்னோக்கிச் செல்லும் வண்டிகளைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தோம். அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டில் ஒரு தந்தை, தம் வீட்டு வாசலிலே வண்டியைப் பின்னால் எடுத்தபோது, தம்முடைய இரண்டு வயது மகனையே அறியாமல் இழந்துவிட்டார். அவர் குழந்தைகளுக்கு வைத்தியம் செய்யும் டாக்டர். ஆறு ஆண்டுகளுக்குப் பின், 2008-இல், அந்தக் குழந்தையின் பெயராலேயே அங்கே ஒரு சட்டம் வந்தது. அதன் பயனாக, 2018 மே மாதம் முதல் அந்நாட்டில் விற்பனைக்குத் தயாராகும் புதிய கார் ஒவ்வொன்றிலும் பின்புறக் காமிரா கட்டாயமாயிற்று. வண்டிக்குப் பின்னே 10 அடி அகலமும் 20 அடி நீளமும் கொண்ட இடத்தை அது காட்டவேண்டும் என்பது விதி. நம் தேசத்திலும் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில், பின்னால் தடை இருந்தால் உணர்ந்து ஒலி எழுப்பும் கருவி இருக்கவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். நம் வண்டி 2014-ஆம் வருஷத்தது. அதற்கு ஒலியும் இல்லை. இருந்த ஒரு கண்ணையும் நாம் சணலால் கட்டி வானத்தைப் பார்க்க விட்டிருந்தோம்.

இந்தக் காமிராக்கள் பிறந்த காரணம் கழுத்து வலி அல்ல என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

*

மறுநாள் விடுமுறை. டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவரிடம் நம் சங்கடத்தைச் சொன்னோம். “சிட்கோவுக்குள்ளே போங்க, சார். பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பட்டை ஒட்டுகிற பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு தம்பி இந்த வேலையில் கெட்டிக்காரர்” என்று வழி சொன்னார்.

தகரக் கூரை போட்ட சிறிய பட்டறை. உள்ளே அடுக்கடுக்காகக் கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்கள். நம்மைக் கண்டதும் ஓர் இளைஞன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான்.

“வணக்கம், ஸார். என்னை ஞாபகம் இருக்கா?”

முகம் ஞாபகம் வந்தது. பத்தாவது வகுப்பு ‘பி’ பிரிவில் கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சு. விஞ்ஞானப் பரீட்சையில் இரண்டு தடவை தவறியவன். அப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கமே காணவில்லை.

அவன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து, நாம் செய்து வைத்திருந்த அலங்கோலத்தைப் பார்த்தான். சிரிக்கவில்லை. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, பம்பரின் மேல் நாலு சொட்டுத் தெளித்தான். தண்ணீர் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு, உருண்டு விழுந்தது.

“தாமரை இலைத் தண்ணீர்!” என்று நம் வாய் தானாகவே சொல்லிற்று.

“அதேதான், ஸார். தண்ணியே ஒட்டாத இடத்திலே பசை எப்படி ஒட்டும்? பசையும் முதல்லே தண்ணி மாதிரி பரவணும். அப்புறம்தான் பிடிக்கும். பரப்பு இழுவிசைன்னு நீங்கதானே எங்களுக்குப் பாடம் நடத்தினீங்க?”

நமக்குத் தலை சுற்றிற்று. தண்ணீரின் பரப்பு இழுவிசை சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 72 டைன் என்று வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதுகிறவர் நாம். பாலிபுரொப்பிலீனின் பரப்புக்கு இழுக்கும் சக்தி அதே அளவையில் சுமார் 30 தான். அதனால்தான் அது எதையும் தன்னிடம் அண்டவிடுவதில்லை. உலோகத்தின் பரப்புக்கோ அந்தச் சக்தி பன்மடங்கு. கரும்பலகையில் எழுதிய அந்த எண் இருபது ஆண்டுகளில் ஒரு நாளாவது பலகையை விட்டு இறங்கி நம் வீட்டு வாசலுக்கு வந்ததில்லை.

அவன் வேலையை ஆரம்பித்தான். சுடுகாற்று ஊதும் கருவியால் பழைய பசையை இளக்கினான். மிச்சமிருந்த டேப்பின் அடியில் தூண்டில் நரம்பைக் கொடுத்து, இருபுறமும் மாறிமாறி இழுத்து, தயிரில் ஆடையை எடுப்பதுபோல் அறுத்தெடுத்தான். ஒட்டிக்கொண்டிருந்த பிசினைக் கட்டை விரலால் உருட்டி உருட்டி எடுத்தான். நம் பழைய தாங்கியைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்துக் காட்டினான், அது ஆடிற்று.

“வெயில்லே கோணிப்போச்சு, ஸார். ஓரம் மட்டும்தான் படுது. இதை எத்தனை தடவை ஒட்டினாலும் நிக்காது. வேற போட்டுடலாம்.”

இரண்டு திருகாணி போட்டு முடுக்கிவிட்டால் என்ன என்று கேட்டோம். “போடலாம், ஸார். ஆனா பம்பர் மெலிசு. ஓட்டையைச் சுத்தி விரிசல் விடும். ஒழுங்கா ஒட்டினா ஆணியே வேண்டாம்” என்றான்.

பிறகு துடைக்கத் தொடங்கினான். முதலில் சோப்புத் தண்ணீர். பளபளப்புத் தைலம் போகும் வரையில் விடவில்லை. அப்புறம், ஐஸோபுரொபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்த திரவத்தைத் துணியில் நனைத்து, ஒரே திசையில் இழுத்துத் துடைத்தான். துணியை மடித்து மறுபக்கத்தால் இன்னொரு முறை. அது உலர்ந்ததும் ஒரு சிறிய குப்பியைத் திறந்து, தாங்கி உட்காரும் இடத்தில் மாத்திரம் மெல்லியதாகப் பூசினான்.

“இது என்ன?”

“பிரைமர், ஸார். இந்த ஜாதிப் பிளாஸ்டிக்கிலே நேரா எதுவும் ஒட்டாது. அது அதோட குணம். அதைத் திட்டிப் பிரயோஜனமில்லே. நடுவிலே இதை ஒரு கை பூசினா, இது பம்பரையும் பிடிச்சுக்கும், டேப்பையும் பிடிச்சுக்கும்.”

பிரைமர் உலரும் வரையில் இருவரும் சும்மா நின்றோம். இவ்வளவும் எப்படிக் கற்றுக்கொண்டான் என்று விசாரித்தோம்.

“வேலைக்கு வந்த புதுசிலே ஆறு மாசம் துடைக்கிற வேலை மட்டும்தான், ஸார். டேப்பைத் தொடவே விடமாட்டாரு எங்க ஃபோர்மன். எதுக்கு இவ்வளவு துடைக்கணும்னு ஒரு நாள் கேட்டேன். பக்கத்திலே உட்கார வெச்சுத் தண்ணியைத் தெளிச்சுக் காட்டினாரு. அன்னிக்குத்தான் நீங்க நடத்தின பாடம் புரிஞ்சுது.” அவன் சிரித்தான். “வகுப்பிலே கேட்டா, உட்காருடான்னு சொல்லிடுவீங்க, ஸார்.”

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. பழைய நாளைய வேடிக்கை ஒன்றை நினைவூட்டுகிறவன்போல் சொல்லிவிட்டு, பிரைமர் உலர்ந்துவிட்டதா என்று பார்க்கக் குனிந்துகொண்டான். ஆனால் நாம் அந்தத் தகரக் கூரையின் கீழே வியர்த்து நின்றோம். அவனுடைய முன்னேற்ற அறிக்கையில் நாம் நம் கையாலேயே எழுதிய வாக்கியம் ஒன்று நம் கண்ணெதிரே வந்து நின்றது: “இவனுக்கு எதைச் சொன்னாலும் ஒட்டுவதில்லை.” பல பிள்ளைகளுக்கு அதே வாக்கியத்தை எழுதியிருக்கிறோம். எழுதுவதற்குச் சுலபமான வாக்கியம். பசையின் பேரில் குற்றமில்லை, பம்பரின் பேரில்தான் குற்றம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போவதற்கு மிகவும் வசதியான வாக்கியம்.

அவன் புதிய தாங்கியின் டேப்பிலிருந்து காகிதத்தை உரித்து, ஒரே தடவையில் இடம் பார்த்து வைத்து, இரு கட்டை விரல்களாலும் அரை நிமிஷம் அழுத்தினான். பிறகு காமிராவின் கம்பியைச் சிறிது தளர்வாக வளைத்து, தனியாக ஒரு கொக்கியில் மாட்டினான். “கம்பி இழுத்துக்கிட்டே இருந்தா ஒரு மூலை கிளம்பும், ஸார். மூலை கிளம்பினா முழுசும் போச்சு” என்றான். தபால் தலையை முழுவதுமாகப் பிடித்து இழுத்தால் வராது. ஒரு மூலையை நகத்தால் கிளப்பினால் உரிந்துவிடும். அதுவும் நமக்குத் தெரிந்த பௌதிகம்தான்.

“இப்போ ஒட்டின மாதிரி இருக்கும். ஆனா ஒட்டலே. மூணு நாள் தண்ணி படக்கூடாது, தொடக்கூடாது. முடிஞ்சா வண்டியையும் எடுக்காதீங்க.”

எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று கேட்டோம். பழைய உபாத்தியாயராயிற்றே, வேண்டாம் என்று மறுப்பான் என்று நம் மனத்துக்குள் ஒரு சபலம் இருந்ததை ஒப்புக்கொள்கிறோம். “நூற்றெண்பது ரூபாய், ஸார்” என்று சொல்லி, வாங்கி எண்ணிப் பையில் வைத்துக்கொண்டான். அது சரிதான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவனுடைய ஃபோர்மன், நாம் அல்லவே.

நாம் புறப்படும்போது அவன் ஜன்னலருகே வந்து, “காமிரா இருந்தாலும் ஒரு தடவை வண்டியைச் சுத்திப் பார்த்துட்டு ஏறுங்க, ஸார். மழைத் தண்ணி பட்டா அதுக்கும் கண்ணு மங்கும்” என்றான். ஆடி அமாவாசைக் கதையை நாம் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

*

மூன்று நாள் வண்டி வாசலில் நின்றது. நாம் பஸ்ஸில் போய் வந்தோம். அந்த மூன்று நாளில் டேப்பைப் பற்றி மேலும் படித்தோம். இவ்வகை டேப்பு ஒட்டிய இருபது நிமிஷத்தில் ஏறக்குறையப் பாதிப் பலம் பெறுகிறது. இருபத்துநாலு மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு. முழுப் பலம் வர எழுபத்திரண்டு மணி ஆகும். கெட்டியான வெல்லப்பாகு போல அந்தப் பசை மெள்ள மெள்ளப் பரவி, கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் எல்லாம் நிறைந்தால்தான் உறுதி. குளிர் தேசங்களில் இதற்காகப் பம்பரைச் சுட வைக்கிறார்கள். நமக்கு அந்த உபகாரத்தைச் சூரிய பகவான் செய்துவிடுகிறார். பூண்டிக்குப் போன அன்று நாம் இரண்டு குற்றம் செய்திருந்தோம். எண்ணெயின் மேல் ஒட்டினோம்; ஒட்டியதும் ஓட்டினோம்.

இன்னொரு விஷயமும் படித்தோம். ஒட்டு டேப்பின் கதையே மோட்டார்ப் பட்டறையில் ஆரம்பமாகிறது. அமெரிக்காவில் 1920-களில் வண்டிகளுக்கு இரட்டை வர்ணம் பூசுவது நாகரிகமாக இருந்தது. ஒரு வர்ணம் மற்றதன்மேல் படாமல் மறைக்க ஒட்டிய காகிதம், எடுக்கும்போது வர்ணத்தையும் உரித்துக்கொண்டு வந்தது. பட்டறையில் தொழிலாளிகள் இதற்காகத் திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்ட ரிச்சர்ட் ட்ரூ என்னும் இளைஞர், முயன்று முயன்று 1925-இல் அதற்கு ஒரு டேப்பைக் கண்டுபிடித்தார். அவர் இஞ்சினீயரிங் படிப்பைப் பாதியில் விட்டவர். அவருடைய உபாத்தியாயர்கள் அறிக்கையில் என்ன எழுதினார்களோ!

நாலாம் நாள் காலை. வண்டியைச் சுற்றி ஒரு தடவை வந்தோம். குனிந்து அடியிலும் பார்த்தோம். தாங்கியை விரலால் அசைத்தோம், அசையவில்லை. ஏறி உட்கார்ந்து பின்கியரைப் போட்டதும் திரையில் சந்து முழுவதும் தெரிந்தது. எதிர்வீட்டு வாசற்படியில் பாட்டி குழந்தையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாம் வண்டியை நகர்த்தாமல் இறங்கிச் சென்று, பாட்டியை அழைத்து வந்து, ஓட்டுகிறவர் ஆசனத்தில் உட்காரவைத்துத் திரையைக் காட்டினோம். குழந்தை ஓடிப்போய் வண்டிக்குப் பின்னால் நின்று கையை ஆட்டினாள். திரையில் அவளுடைய முகம் தெரிந்தது.

“நல்லாத்தான் தெரியுது” என்றாள் பாட்டி. அமாவாசைக்குப் பிறகு அவள் நம்மிடம் பேசிய முதல் வார்த்தை அது. இறங்கும்போது, “ஆனாலும் நீங்க கிளம்புறப்போ ஒரு குரல் குடுங்க, வாத்தியாரய்யா” என்று சேர்த்துக்கொண்டாள். அன்று முதல் குரல் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறோம்.

அந்த மாதத்துப் பரீட்சைக்குப் பிறகு, முன்னேற்ற அறிக்கைகள் கட்டாக நம் மேஜைக்கு வந்தன. பன்னிரண்டாவது அறிக்கையோ பதின்மூன்றாவதோ, ஒரு பையனுடைய எண்களைப் பார்த்ததும் பேனா பழக்க தோஷத்தால் தானாகவே, “இவனுக்கு எதைச் சொன்னாலும்” என்று எழுதிவிட்டது. அங்கே நிறுத்தினோம். எழுதியதை அடித்துவிட்டு, அந்த இடத்தைக் காலியாக வைத்தோம்.

மறுநாள் அந்தப் பையனை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரச் சொன்னோம். அடி விழுமோ என்று பயந்துகொண்டே வந்தான். மேஜைமேல் ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு பிளாஸ்டிக் மூடியும் வைத்திருந்தோம். “உட்கார்” என்றோம். தண்ணீரைத் தெளித்தோம்.

பையன் வெகு நேரம் அந்தச் சொட்டுகளைப் பார்த்தான். பிறகு, “ஏன் ஸார் உருளுது?” என்று கேட்டான்.